டெஸ்ட் லாம்ப் எரியாத இடம்

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ராயப்பேட்டைப் பக்கம் ஐந்து பேர் இருந்தால்தான் அது முழு ஒர்க்‌ஷாப். மெக்கானிக், டிங்கர், பெயின்டர், குஷன் தைக்கிறவர், எலக்ட்ரீஷியன். மரியாதையும் இதே வரிசைதான், எலக்ட்ரீஷியன் கடைசி. ஹாரன் அடிக்கவில்லை, வைப்பர் ஓடவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கூப்பிடுவார்கள். இன்ஜினைப் பற்றிப் பேச எங்களுக்கு இடம் கிடையாது. ஒரே விலக்கு டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியைத் திறந்து பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜில் பதினைந்து தவ் இடைவெளி வைத்து மூடினால் வண்டி பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961இல் வந்த பிறகு டைனமோவுக்கும் செல்ஃபுக்கும் சாமான் தட்டுப்பாடு குறைந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் வந்த காலத்தில் எது வேண்டுமானாலும் ஜி.பி. ரோட்டுக்கு சைக்கிளை மிதித்தால் அரை மணியில் கைக்கு வந்துவிடும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாயிடம் இருந்த ஒரே சோதனைக் கருவி டெஸ்ட் லாம்ப். கடையில் வாங்கியதில்லை, அவரே செய்தது. பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்று, அதிலிருந்து இரண்டு வயர். ஒன்றின் முனையில் கிளிப், மற்றதன் முனையில் கோணி ஊசி. கிளிப்பை பாடியில் எர்த்துக்குக் கவ்வவிட்டு, ஊசியை வயரின் தோலுக்குள் குத்துவார். எரிந்தால் கரண்ட் உண்டு. எரியாவிட்டால் இல்லை. எரிகிற இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. எங்கள் தொழிலின் தர்க்கம் முழுவதும் அவ்வளவுதான். அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மூன்றையும் அதை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

அந்த வண்டிகளிலும் சென்சார் இருந்தது, அந்தப் பெயர்தான் இல்லை. தண்ணீர்ச் சூட்டுக்கு ஒன்று, ஆயில் பிரஷருக்கு ஒன்று, பெட்ரோல் டேங்கில் மிதவையோடு ஒன்று. மூன்றும் டேஷ்போர்டில் ஒரு முள்ளையோ விளக்கையோ காட்டி டிரைவருக்குச் சேதி சொல்லும். அதற்கு மேல் செய்ய வேண்டியது மனுஷன். மார்கழிக் காலையில் சோக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பதை டிரைவரின் கை முடிவு செய்யும். மேட்டில் ‘கடகட’ என்று நாக்கிங் வந்தால் அவர் காது கேட்டு, கால் கிளட்ச்சை மிதித்து கியரைக் குறைக்கும். பின்னாளில் இன்ஜினைச் சுற்றி வந்து உட்கார்ந்த சென்சார்கள் எல்லாம் அந்தக் கையும் காதும் செய்த வேலையைத்தான் எடுத்துக்கொண்டன. முன்னது மனுஷனுக்குச் சேதி சொன்னது, பின்னது கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. இந்த வேறுபாடு புரியாதவன் பழைய காரில் சென்சார் மாற்றிக்கொண்டே இருப்பான். பின்னால் வருகிறேன் அதற்கு.

இது நம் ஊரில் தொடங்கிய கதை இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கண்ணெரிச்சல் தரும் பழுப்புப் புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று 1950 வாக்கில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியல் பேராசிரியர். ஹாலந்தில் பிறந்தவர். அதற்கு முன்னால் அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே கருவிகளை ஊர்க்காற்றின் மேல் திருப்பினார். கார் புகையில் எரியாமல் மிஞ்சும் பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து சமைவதுதான் அந்த மூட்டம் என்று காட்டினார். கார் கம்பெனிகள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கலிஃபோர்னியா சட்டம் போட்டது, 1970இல் அமெரிக்கா முழுவதற்கும் கடுமையான சட்டம் வந்தது.

புகையைச் சுத்தம் செய்ய சைலன்சர் குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வைத்தார்கள். அது மூன்று விதமான நஞ்சையும் ஒருசேர முறிக்க வேண்டுமானால் காற்றும் பெட்ரோலும் ஒரே அளவில் நிற்க வேண்டும்: ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஏதாவது ஒன்று தப்பித்துவிடும். எவ்வளவு நல்ல கார்பரேட்டராக இருந்தாலும் இந்தத் துல்லியத்தில் நிற்காது. வெளியே போகும் புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று நொடிக்கு நொடி பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆக்ஸிஜன் சென்சார். பாஷ் கம்பெனி செய்தது; 1976இல் வால்வோ அதைத் தன் 240 வரிசைக் காரில் போட்டு கலிஃபோர்னியாவுக்கு அனுப்பியது. முன் கிரில்லில் ‘லாம்டா சோண்ட்’ என்று தகடு வேறு அடித்து மாட்டினார்கள். புகைக்குழாய்க்குள் ஒளிந்திருக்கிற ஒரு சாமானுக்கு வண்டி முகப்பிலேயே விளம்பரம் கிடைத்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

அதன் உள்ளே இருக்கும் பீங்கானுக்கு இன்னும் பழைய வரலாறு. வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1897 வாக்கில் ஒரு விளக்கு செய்தார். எடிசன் பல்பில் கரி இழை. இவர் வைத்தது சிர்கோனியாவோடு இட்ரியம் ஆக்சைடு கலந்த குச்சி. குளிர்ந்திருக்கும்போது அதில் மின்சாரம் ஓடாது. பக்கத்தில் ஒரு சூடேற்றி வைத்துக் காய்ச்சினால் ஓடும். ஓடியதும் பளீரென்று எரியும். உள்ளே நகர்வது ஆக்ஸிஜன் அயனிகள். டங்ஸ்டன் இழை பல்பு வந்ததும் அந்த விளக்கு மறைந்தது. பீங்கான் மறையவில்லை. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை என்று அதை நிறுத்தினால் இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப அது தானே சின்ன மின்னழுத்தம் கொடுக்கும். பெட்ரோல் அதிகமாகப் போனால் 0.9 வோல்ட் பக்கம், காற்று அதிகமானால் 0.1 பக்கம். முந்நூறு டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். அதனால்தான் பிற்காலத்து ஆக்ஸிஜன் சென்சாருக்குள்ளேயே ஹீட்டர் வைத்தார்கள், ஒரு வயராக இருந்தது நாலு வயரானது. கையில் பிடித்திருக்கும் இந்தக் கறுத்த சாமான் ஒரு காலத்தில் விளக்காக இருந்த பொருள் என்று தெரிந்த நாளில், பாயின் டெஸ்ட் லாம்ப்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

இந்தியாவில் இது வருவதற்கு ஒரு தடை இருந்தது: பெட்ரோலில் ஈயம். நாக்கிங் வராமல் இருக்க ஈயச் சேர்மம் கலப்பார்கள். அது எரிந்து போகும் வழியில் கன்வர்ட்டர் மேலும் சென்சாரின் பிளாட்டினம் பூச்சு மேலும் படிந்து இரண்டையும் சாகடித்துவிடும். ஆக, சென்சார் வர வேண்டுமானால் முதலில் பங்க் மாற வேண்டும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று, கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. ஆனால் அப்போது வந்த கார்களில் பெரும்பாலானவை கார்பரேட்டர் வண்டிகள்தான். கன்வர்ட்டர் இருக்கும், அதற்கு வழிகாட்ட சென்சார் இருக்காது. சென்னையில் வாங்கிய புது வண்டியை எடுத்துக்கொண்டு தென்மாவட்டத்துக் கல்யாணத்துக்குப் போனவர், வழியில் கிடைத்த பெட்ரோலைப் போடாமல் என்ன செய்வார்? திரும்பி வரும்போது கன்வர்ட்டர் வெறும் இரும்புப் பெட்டி. நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது 2000 பிப்ரவரியில்தான்.

அதற்குள் நீதிமன்றம் நுழைந்துவிட்டது. டெல்லிக் காற்றைப் பற்றி எம்.சி. மேத்தா போட்டிருந்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் காலக்கெடு வைத்தது: தலைநகர்ப் பகுதியில் ஜூன் 1 முதல் யூரோ ஒன்று புகை விதி, அடுத்த ஏப்ரல் முதல் யூரோ இரண்டு. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட நினைத்த மாற்றத்தைக் கார் கம்பெனிகள் மாதக்கணக்கில் செய்தன. 2001இல் அந்த இரண்டாம் படி சென்னைக்கும் வந்தது. கார்பரேட்டர் கார்களின் கதை அதோடு முடிந்தது. இதற்குச் சற்று முன்பே, 1998இல், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்தது. சின்ன கார், விலையும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுவது, இன்ஜினில் எம்.பி.எஃப்.ஐ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்ப்யூட்டர். மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான் அடுத்த ஆண்டு. எங்கள் ஊரைச் சுற்றியே செய்தார்கள். எங்கள் தெருவுக்குத்தான் அதைத் திறக்கத் தெரியவில்லை.

‘கம்ப்யூட்டர் வண்டி’ என்றே பெயர் வைத்துவிட்டோம். நாற்பது வருஷம் இன்ஜினில் கை வைத்த மெக்கானிக்குகள் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது எலக்ட்ரிகல்பா, அவனைக் கூப்பிடு” என்று ஒதுங்கினார்கள். வரிசையில் கடைசியில் நின்றவனை முதலில் கூப்பிட்ட காலம் அது. கூப்பிட்டதும் சந்தோஷமாகப் போய் ஊசியைக் குத்தியவர்கள் உண்டு. அங்கேதான் பாயின் தர்க்கம் உடைந்தது. கம்ப்யூட்டர் சென்சார்களுக்குத் தருவது ஐந்து வோல்ட். அதுவும் பல்பை எரிய வைக்கிற அளவுக்கு ஆம்பியர் கிடையாது. ஆக்ஸிஜன் சென்சாரின் அரை வோல்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல்பு எரியவில்லை, ஆனால் கரண்ட் இருக்கிறது! எரியாத இடத்தில் கோளாறு என்று நம்பி வயரை அறுத்தவர்கள் உண்டு. தவறான கம்பியில் லாம்ப்பை மாட்டி கம்ப்யூட்டரையே எரித்தவர்களும் உண்டு; அந்த இழப்பு மொத்தமாக யார் தலையில் விழுந்தது என்பது வேறு கதை. குத்திய ஊசித் துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி இரண்டு வருஷம் கழித்து வயர் உள்ளுக்குள் இற்றுப்போனது இன்னொரு வகை.

எங்களைக் கரை சேர்த்தது ரிச்சி தெரு. அங்கே விற்ற மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டர் வயரிலிருந்து கரண்ட்டை உறிஞ்சாது, பார்த்துவிட்டு மட்டும் சொல்லும். ஓம் என்றால் என்ன, மில்லி வோல்ட் என்றால் என்ன என்பதை டி.வி. ரிப்பேர் செய்கிறவர்களிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கற்றுக்கொண்டவர்கள் எங்களில் அதிகம். ஸ்கேனர் வாங்க எவனிடமும் பணமில்லை. ஆனால் பழைய கம்ப்யூட்டர்களே வாய்விட்டுச் சொல்லும் ஒரு வழி இருந்தது. சோதனைக் கப்ளரில் குறிப்பிட்ட இரண்டு பின்னை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மின்னும். ஒரு மின்னல், இடைவெளி, இரண்டு மின்னல் என்றால் பன்னிரண்டு. ஜப்பான் வழி வந்த சில வண்டிகளில் பன்னிரண்டு என்றால் கோளாறு எதுவும் இல்லை. பதின்மூன்று ஆக்ஸிஜன் சென்சார், பதினான்கு தண்ணீர்ச் சூட்டு சென்சார். இந்த எண்களை ஒருவன் எழுதி வைத்திருந்த நோட்டு தெருவெல்லாம் சுற்றி, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, கடைசியில் படிக்க முடியாமல் போனது. எல்லா வண்டிக்கும் பொதுவான பதினாறு பின் கப்ளரும் பொதுவான கோளாறுக் குறிகளும் அமெரிக்காவில் 1996இலேயே கட்டாயம். இங்கே பாரத் ஸ்டேஜ் நான்கு என்ற புகை விதியோடு 2010இல் முதல் கட்டமும் 2013இல் இரண்டாம் கட்டமும் வந்தன. இன்றைக்கு உள்ளங்கை அளவு ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால் போனிலேயே குறி வருகிறது. வந்துவிடுவதுதான் தொல்லை.

ஏனென்றால் குறியைப் படித்தவுடன் சாமானை மாற்றுவது என்ற புதுப் பழக்கம் தொழிலுக்குள் வந்துவிட்டது. ஸ்கேனர் சொல்வது சாட்சியம், தீர்ப்பு இல்லை. சாட்சி பார்த்ததைச் சொல்லும், குற்றவாளி யார் என்று அதற்குத் தெரியாது.

ஒரு ரிட்டையர்ட் கணக்கு டீச்சரின் வண்டியைச் சொன்னால் விளங்கும். 2000களின் தொடக்கத்து சின்ன கார். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆகிவிட்டது. அதைக் கட்டவும் தயாராக இருந்தார், ஆனால் புகைச் சோதனையில் தேறவில்லை. “கறுப்பா புகை வருது தம்பி. பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகல. ஆக்ஸிஜன் சென்சாராம், ரெண்டு தடவை மாத்தியாச்சு” என்றார். இரண்டு தடவையும் எங்கே மாற்றினார் என்று நான் கேட்கவில்லை, அது தொழில் தர்மம்.

ஸ்கேனரில் குறி அதே ஆக்ஸிஜன் சென்சாரைத்தான் காட்டியது. ஓடும்போது அதன் வோல்ட்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், இது 0.8க்கு மேலேயே நின்றது. பெட்ரோல் அதிகம் என்று அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. யார் அதிகம் ஊற்றச் சொன்னது என்பதல்லவா கேள்வி. மற்ற அளவுகளை வரிசையாகப் பார்த்தேன். தண்ணீர்ச் சூடு 22 டிகிரி. ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டால் கை சுடுகிறது. டேஷ்போர்டு முள்ளும் சரியாக நடுவில் நிற்கிறது.

முள் சரியாக நிற்பதைப் பார்த்துத்தான் முன்னால் பார்த்தவர்கள் ஏமாந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் பக்கத்திலேயே இரண்டு சென்சார் அருகருகே இருக்கும். ஒரு வயர் உள்ளது முள்ளுக்கு, டிரைவர் பார்க்க. இரண்டு வயர் உள்ளது கம்ப்யூட்டருக்கு. அம்பாசிடர் காலத்து முறையும் புதுமுறையும் ஒரே தண்ணீரில் நனைந்துகொண்டு நிற்கும். ஒன்று சரியாகச் சொல்வதால் மற்றது சரி என்று ஆகாது. இரண்டாவதன் சேதியைக் கேட்ட கம்ப்யூட்டர், இன்ஜின் காலையில் இப்போதுதான் கிளம்பியது என்று நினைத்து, நாள் முழுக்க சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. 22 டிகிரி என்பது நடக்கக்கூடிய சூடுதானே. அதனால் அந்த சென்சாருக்கு எந்தக் குறியும் விழவில்லை. கப்ளர் முழுக்கக் கழன்றிருந்தால் மைனஸ் நாற்பது என்று காட்டி, உடனே மாட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒருவன் சென்சாரை மாற்றுவான். நான் கப்ளரைக் கழற்றி சென்சாரின் ஓம் பார்த்தேன். சூடு ஏற ஏற ஓம் இறங்கும் சாதி அது: 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் போல, 80 டிகிரியில் முந்நூற்றுச் சொச்சம். இது சூடான நிலையில் முந்நூற்றுச் சொச்சமே காட்டியது. சென்சார் நல்ல சென்சார். பிறகு ரிச்சி தெருவில் கைநிறையக் கிடைக்கும் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கப்ளரின் இரண்டு பின்னுக்கு நடுவே சொருகினேன். கம்ப்யூட்டருக்கு நாமே ‘இன்ஜின் சூடு’ என்று சொல்லிப் பார்க்கும் வழி. ஸ்கேனரில் எண்பது பக்கம் ஏறியிருக்க வேண்டும். இருபத்துச் சொச்சத்தைத் தாண்டவில்லை. ஆக, கோளாறு வழியில்.

வயர்க்கட்டைப் பிரித்துக்கொண்டே போனதில் பேட்டரி தட்டுக்குப் பின்னால் கிடைத்தது. இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட். 2000க்குப் பிறகு காரில் எல்.பி.ஜி. கிட் மாட்டுவது சட்டப்படி சரி என்றானதும் சென்னையில் ஆளாளுக்கு மாட்டினார்கள். இந்த வண்டியிலும் ஒன்று இருந்து, பிறகு கழற்றப்பட்டிருக்கிறது. மாட்டியவரோ கழற்றியவரோ தவறான வயரை வெட்டி, பார்த்ததும் சேர்த்து முறுக்கியிருக்கிறார். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. மீட்டரை வைத்தால் அந்த ஒரு ஜாயிண்ட்டில் மட்டும் இரண்டு கிலோ ஓம். வயரை ஆட்டினால் கூடிக் குறைகிறது.

முறுக்கி டேப் சுற்றுவது பாய் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை. ஹெட்லைட்டுக்கு அது போதும். நாலைந்து ஆம்பியர் ஓடும்போது மெல்லிய பாசியை எல்லாம் கரண்ட் தானே உடைத்துக்கொண்டு போய்விடும். சென்சார் வயரில் ஓடுவது இரண்டு மில்லி ஆம்பியர். அதற்குப் பாசியை உடைக்கத் தெம்பு கிடையாது. பாசியின் ஓமையும் தண்ணீரின் சூடாகவே கணக்கில் சேர்த்துச் சொல்லிவிடும். எங்கள் பழைய கைப்பழக்கம்தான் புது வண்டிகளின் பாதி சென்சார் கோளாறு என்று அடித்துச் சொல்வேன். பளபளக்கும் செம்பு வரும்வரை இரு பக்கமும் நறுக்கி, ஈயப்பற்று வைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினேன். 85 டிகிரி காட்டியது. புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் மறுபடியும் ஆடத் தொடங்கியது.

உண்மையிலேயே சென்சார் செத்துப்போகிற வண்டிகளும் வருகின்றன, அதுதான் இப்போது கஷ்டம். மாருதி 800 தயாரிப்பு நின்று பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அந்த வயது வண்டிகளுக்குக் கம்பெனிச் சாமான் வரவர அருகிவருகிறது. புது டப்பாவில் வரும் டூப்ளிகேட்டைவிட புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்த அசலை நான் நம்புவேன், சோதித்துவிட்டு. தண்ணீர்ச் சூட்டு சென்சாரை கெட்டிலில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் மீட்டருமாகப் பார்ப்பேன். கொதிக்கும்போது இருநூறு ஓமுக்குக் கீழே, படிப்படியாக, குதிக்காமல் இறங்கினால் அது வாழும். டூப்ளிகேட்டில் சில இருபதிலும் நூறிலும் சரியாகச் சொல்லும், நடுவில் எங்கேயோ தவறாகச் சொல்லும்.

டீச்சர் பில்லைப் பார்த்தார். “ஏன் தம்பி, சென்சார் மாத்துனவங்ககூட பழசைக் கையில குடுத்துட்டு காசு வாங்கினாங்க. நீங்க ஒரு வயரை ஒட்டிட்டு இவ்வளவு போட்டிருக்கீங்களே?”

“வயர் அஞ்சு ரூபாகூட ஆகாது டீச்சர். மிச்சமெல்லாம் தேடுன கூலி.”

“அப்ப அப்படியே எழுதுங்க. தேடுன கூலின்னு.”

என் பில் புக்கில் சாமான், விலை என்று இரண்டு கட்டம்தான் அச்சடித்திருந்தது. ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன், பேரம் பேசாமல் கொடுத்தார். அடுத்த புக் அடிக்கக் கொடுத்தபோது மூன்றாவதாக ஒரு கட்டம் போடச் சொல்லிவிட்டேன். டீச்சருக்குப் பிறகு வந்த அத்தனை பேரும் முதலில் கை வைப்பது அந்தக் கட்டத்தில்தான்.